அப்பாவின் டிடிபி கம்ப்யூட்டர் ஓடவில்லை. பரணில் இருப்பதில் எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது?

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் கோளாறு. மற்றது வீட்டில் சேர்ந்து கிடக்கும் சாமான். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கோவில்பட்டியில் 1998 முதல் 2011 வரை டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், கண்ணீர் அஞ்சலி, தீப்பெட்டி லேபிள் எல்லாம் செய்வார். பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செட் பண்ணி பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அது சிவகாசிக்கு ஆப்செட்டுக்குப் போகும். கடையை மூடியதும் சாமான் எல்லாம் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். இப்போது தங்கை மகள் சடங்குக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பரணைக் காலி பண்ணிக் கொடு என்கிறாள் அம்மா.

இறக்கிப் பார்த்தேன். கேபினெட் 3, பதினைந்து இன்ச் சிஆர்டி மானிட்டர் 2, ஹார்டு டிஸ்க் 7, ரேம் 14, யுபிஎஸ் 2, லேசர் பிரிண்டர் ஒன்று, இருநூறுக்குக் குறையாத பிளாப்பி, ஒரு சாக்கு நிறைய கேபிள். எல்லாவற்றின் மேலும் கரிசல் புழுதி. ஆனால் ஒவ்வொன்றிலும் அப்பா வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். "128. ஓடும்." "சத்தம் வரும். படிக்கும்." "சூடானால் நிற்கும். 20 நிமிஷம் விட்டால் வரும்." ஜம்பரும் (டிஸ்க்கின் பின்களில் செருகும் குட்டித் தொப்பி) ஸ்க்ரூவும் தீப்பெட்டிகளில் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் ஸ்க்ரூ ஒரு பெட்டி, சிடி டிரைவ் ஸ்க்ரூ ஒரு பெட்டி. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் முதலாவதில் புரி அகலம், இரண்டாவதில் நெருக்கம். மாற்றிப் போட்டால் மரை போய்விடும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

இதில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். 2004-இல் கடை அடைத்த பிறகு இரவுகளில் ஆச்சியைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் பாடப் பாட அப்பா நேரே பேஜ்மேக்கரில் அடித்தார். ஒப்பாரி, தாலாட்டு, பருத்திக் காட்டில் களையெடுக்கும்போது பாடுவது எல்லாம் சேர்த்து அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கும். ஆச்சி 2006-இல் போய்விட்டாள். பிரிண்டாக எங்களிடம் இருப்பது ஒன்பது பக்கம்தான். மீதி எல்லாம் மூன்று கேபினெட்டில் முதலாவதில் இருக்கும் 40 ஜிபி டிஸ்க்கில்.

கேபினெட் விவரம்: பென்டியம் 4, இன்டெல் 845 சிப்செட் போர்டு, 256 எம்பி டிடிஆர் ரேம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. பட்டனை அமுக்கினால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஃபேனும் பிராசசர் ஃபேனும் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகின்றன. மறுபடி அமுக்கினால் ஒன்றுமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி அதே அரைச் சுற்று. ரேமை அழிரப்பரால் துடைத்துப் போட்டேன். மாறவில்லை.

இன்னொன்று. வேண்டாதது என்று நான் பிரித்து வைத்த சாக்கில் ரேம், பழைய மோடம், கனெக்டர் எல்லாம் போட்டுவிட்டேன். நாளை மறுநாள் பழைய இரும்புக்காரர் வருகிறார். அதற்குள் எதையாவது எடுத்து வைக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள். கனெக்டர் என்று எழுதினேனே, அது இரண்டு அங்குல நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. ஒரு பக்கம் 25 பின் ஆண், மறுபக்கம் 25 ஓட்டைப் பெண். அதில் மட்டும் அப்பா எதுவும் எழுதவில்லை.


பாளை ரேடியோ எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பட்டனை அமுக்குவதை நிறுத்துங்கள். டிஸ்க் இன்னும் உள்ளே மாட்டியே இருக்கிறதா? உடனே கழற்றிவிடுங்கள். கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ் சாகும்போது 12 வோல்ட் லைனில் கூடுதலாகத் தள்ளிவிட்டால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டும் சேர்ந்து போகும். நான் டிவி, ரேடியோ வேலையில் 35 வருஷம் இருந்தவன். எந்தப் பொருளில் உயிர் இருக்கிறதோ அதை முதலில் தனியே எடுத்து வை, அப்புறம் கோளாறைத் தேடு என்பதுதான் எனக்குச் சொல்லித் தந்த முறை.

டிஸ்க்கை எடுத்த பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். 20 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் அது ஓட வேண்டும். வெறுமையாக ஓட்டாதீர்கள். வேண்டாத சிடி டிரைவ் ஒன்றைச் சுமைக்கு மாட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், சிவப்பு 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் இருந்தால் சரி.

அது நன்றாக இருந்தால் போர்டுடன் சேர்த்து மாட்டுங்கள். ஆனால் பிராசசருக்குப் பக்கத்தில் செருகும் நான்கு பின் 12 வோல்ட் கனெக்டரை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது, செருகினால் நிற்கிறது என்றால், கோளாறு பிராசசருக்கு மின்சாரம் இறக்கிக் கொடுக்கும் பகுதியில் இருக்கிறது. அங்கே வரிசையாக நிற்கும் கண்டென்சர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, உச்சியில் இருக்கும் கோட்டில் பிரிந்து பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் ஆள். 1999 தொடங்கி 2007 வரை வந்த போர்டுகளில் இது பெரிய நோய். உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவையே சரியில்லாமல் லட்சக்கணக்கில் வந்துவிட்டன. பரணில் வெக்கை வேறு. பத்து டிகிரி சூடு கூடினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எப்போதும் சொல்லும் கணக்கு.

அந்த 25 பின் விஷயம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தூக்கிப் போடாதீர்கள்.


சிவகாசி டிடிபி எழுதியது:

தம்பி, அந்தக் கட்டியைச் சாக்கிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். அது கனெக்டர் இல்லை. லாக்.

அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருள்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு லாக் கொடுப்பார்கள். சிபியூவின் பின்னால் பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் இதைச் செருகி, இதன் முதுகில் பிரிண்டர் கேபிளைச் செருக வேண்டும். அதனால்தான் ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். லாக் இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. எங்கள் கடையில் இருந்ததில் எழுத்துருக்களே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்காது. மென்பொருள் லாக்கைப் பார்த்த பிறகுதான் அவற்றை ஏற்றும். உங்கள் அப்பா அதில் எழுதாததற்குக் காரணம், எந்த டிடிபிகாரருக்கும் அதைப் பார்த்தாலே தெரியும். நாங்கள் ராத்திரி கடை பூட்டும்போது லாக்கை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவோம். கம்ப்யூட்டர் திருடு போனால்கூட வேறு வாங்கிக்கொள்ளலாம். லாக் தொலைந்தால் மென்பொருளையே திரும்ப விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். டிஸ்க்கை ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டரில் (பழைய ஐடிஇ வகை டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைப்பது) மாட்டி லேப்டாப்பில் படியுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். பேஜ்மேக்கர் ஃபைல் கிடைத்ததும் லிப்ரேஆபிஸில் திறந்து பாருங்கள். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், காசும் இல்லை. எழுத்துரு இல்லாததால் தமிழாகத் தெரியாது, பயப்பட வேண்டாம். பாமினி மாதிரி எழுத்துருவாக இருந்தால் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கிலமாக நிற்கும். அதை அப்படியே நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துமாற்றி மென்பொருளில் போட்டால் யூனிகோடு, அதாவது இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் தமிழ், ஆகிவிடும். பாமினி, டாப், டாம், திஸ்கி, வானவில் என்று பல முறைகள் அதில் உண்டு.

எந்த முறையிலும் சரியாக வராவிட்டால் அது அந்த மென்பொருளின் சொந்த முறை. அப்போது பழைய மெஷினை உயிர்ப்பித்து, லாக்கோடு திறந்து, எழுத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கடையில் விற்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள் இதற்கு உதவாது. அது பிரிண்டருக்கு மட்டும் பேசும். லாக்கோ போர்ட்டின் பின்களை நேரடியாகத் தட்டிப் பார்க்கும்.


கோவில்பட்டிக்காரன் எழுதியது:

அக்கா, சாக்கைக் கொட்டி எடுத்துவிட்டேன். கை நடுங்கிவிட்டது. இரும்புக்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னபடி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டினேன். ஓடுகிறது. மஞ்சள் 12.1, சிவப்பு 5.06. நான்கு பின்னை விட்டுவிட்டுப் போர்டோடு மாட்டினால் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது. செருகினால் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசர் பக்கத்தில் ஏழு கண்டென்சர் நிற்கின்றன. அதில் மூன்று உப்பியிருக்கின்றன. ஒன்றின் தலை பிளந்து, காய்ந்த பதநீர்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது.

அடாப்டருக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். அதற்கிடையில் வீட்டில் ஒரே பேச்சு. அம்மாவுக்கு மானிட்டர்தான் முதலில் போக வேண்டும். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பரண் முழுக்க 13 வருஷமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது.


பீளமேடு எழுதியது:

வணக்கமுங்க. எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் மாமனாரும் இப்படித்தான் சேர்த்து வைத்திருந்தார். அவருக்குப் பிறகு யாருக்கும் தொட மனசு வரவில்லை. ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால் யுபிஎஸ் பேட்டரி வெடித்து ஆசிட் ஒழுகி, கீழே இருந்த மரப் பெட்டியும் அதற்குள் இருந்த போட்டோ ஆல்பமும் வீணாகிவிட்டன. பாதுகாக்கிறோம் என்று நினைத்து வைத்த சாமான்தான் நிஜமாகவே பாதுகாக்க வேண்டியதைக் கெடுத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறாது.

அதனால் உங்கள் அம்மா பக்கம் நின்று பேசுகிறேன். யுபிஎஸ்ஸிலிருந்து பேட்டரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியைப் பேட்டரிக் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள், கொஞ்சம் பணமும் தருவார்கள். சிஆர்டி மானிட்டரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். செம்புக் காயிலுக்காகப் படக்குழாயின் கழுத்தை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பையில் கொட்டுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் நிறைய இருக்கிறது. வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது அதைவிட மோசம், அந்தப் புகை பக்கத்தில் விளையாடுகிற குழந்தைகள் மேல்தான் போகும். 2022-இல் வந்த மின்கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் கிடைக்கும்.

மற்றதில் நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். இந்தப் பொருள் இல்லாவிட்டால் எதைப் படிக்க முடியாமல் போகும் என்று கேட்பேன். பதில் இருந்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவேன்.


கோவில்பட்டிக்காரன் எழுதியது:

பேட்டரிகளை நேற்றே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றின் வயிறு உப்பிப்போய் யுபிஎஸ்ஸிலிருந்து வெளியே வரவே இல்லை, தகட்டை வளைத்துத்தான் எடுத்தேன். நன்றி பீளமேடு அம்மா. உங்கள் ஆல்பம் பற்றிப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அடாப்டர் வந்தது. டிஸ்க்கைப் பத்திரிகைத் தாள் மடிப்பில் மட்டமாக வைத்து மின்சாரம் கொடுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பின்னால் இருந்த ஜம்பரைப் பார்த்தால் ஸ்லேவில், அதாவது இரண்டாவது டிஸ்க்காக வைக்கும் இடத்தில், கிடந்தது. தீப்பெட்டியிலிருந்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நல்ல ஜம்பர் தேடி எடுத்து மாஸ்டரில் போட்டேன். இந்தத் தடவை "ஊம்" என்று மெதுவாக ஏறி, இரண்டு "டிக்", அப்புறம் அமைதி. லேப்டாப்பில் 37.2 ஜிபி என்று வந்தது. 40 ஜிபி டிஸ்க் அப்படித்தான் காட்டும். தயாரித்தவர் ஆயிரத்தில் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-இல் வகுக்கிறது.

ஃபைலைத் திறக்க ஆசை வந்தாலும் திறக்கவில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை வைத்து முழு டிஸ்க்கையும் முதலில் ஒரே இமேஜாக நகலெடுத்தேன். அது முதல் சுற்றில் அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிவிட்டு, நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அப்புறம் திரும்ப வந்து விட்டதை முயற்சி பண்ணும். டிஸ்க் பாதியில் செத்தால்கூட பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். முதல் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. ஒரு சின்ன இடம் மட்டும் மூன்று மணி நேரம் இழுத்தடித்தது. கடைசியில் 12 கேபி தவிர எல்லாம் கிடைத்தது.

இமேஜுக்குள் "அம்மா" என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டர். உள்ளே 11 பேஜ்மேக்கர் ஃபைல். முதலில் நான் "ஆச்சி" என்றும் "பாட்டு" என்றும் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அவள் அம்மா அல்லவா. பெயர் அப்படித்தானே இருக்கும்.

லிப்ரேஆபிஸில் எல்லா ஃபைலும் திறந்துவிட்டன. பக்க அமைப்பு, இரண்டு பத்தி, நடுவில் கோடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எழுத்து மட்டும் ஆங்கிலமும் குறிகளுமாக. கன்வெர்ட்டரில் இருந்த ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பாதி எழுத்து சரியாக வந்து பாதி வேறாக நிற்கிறது. கொம்பும் காலும் இடம் மாறி, "ண" வரும் இடமெல்லாம் கட்டமாக. ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலும் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. சிவகாசி அக்கா சொன்னதுதான். மெஷினை எழுப்பியே ஆக வேண்டும்.


பாளை ரேடியோ எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இனி கண்டென்சர். உப்பிய மூன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஏழையும் மாற்றுங்கள். மற்ற நான்கும் அதே மாதிரி, அதே வயசு, அதே சூட்டில் வெந்தவை. 6.3 வோல்ட்டுக்கு 10 வோல்ட் போடலாம், இடம் இருந்தால். 1500 குறையக் கூடாது. 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கண்டென்சரைப் போட்டால் ஓடுவது மாதிரி ஓடி ஒரு வாரத்தில் சூடாகிப் போகும். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லி கூரியரில் வரவழைக்கலாம்.

25 வாட் சால்டரிங் அயன் போதாது. மதர்போர்டின் உள்ளே செம்புத் தகடு அடுக்கடுக்காக இருப்பதால் கிரவுண்டு காலில் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 60 வாட் வேண்டும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டு உருக்கினால் இளகி வரும். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், ஓட்டைக்குள் இருக்கும் செம்புக் குழாய் பிய்ந்து வந்துவிடும். வெள்ளைப் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். போர்டில் அரை வட்டம் தீட்டியிருப்பது போர்டுக்குப் போர்டு வேறு பொருள் தரும், அதை நம்பாமல் பழையது நின்ற திசையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். கை பழக வேண்டும் என்றால் முதலில் செத்த மோடத்தில் நான்கு கண்டென்சர் கழற்றிப் பாருங்கள். பரணில்தான் இருக்கிறதே.

அப்புறம், அப்பாவின் டிஸ்க்கை மறுபடி அந்த மெஷினில் மாட்டவே கூடாது. இமேஜை வேறொரு ஐடிஇ டிஸ்க்கில் இறக்கி அதை மாட்டுங்கள்.


கோவில்பட்டிக்காரன் எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கண்டென்சர் வர ஆறு நாள். மோடத்தில் பழகிக்கொண்டேன், முதல் இரண்டில் தடம் பிய்ந்தது, அடுத்த இரண்டும் சுத்தமாக வந்தன. அதன் பிறகே மதர்போர்டில் கை வைத்தேன். ஏழுக்கு இரண்டே கால் மணி நேரம்.

நகல் இறக்க டிஸ்க் வேண்டுமே, இப்போது ஐடிஇ டிஸ்க்குக்கு எங்கே போவது என்று யோசித்தேன். பரணில் இருந்த ஏழில் ஒன்று 80 ஜிபி. அப்பாவின் டேப்: "80. ஓடும். சும்மா வை." அதைத்தான் எடுத்தேன். முழுக்கப் படித்துப் பார்த்தபோது ஒரு பிழைகூட இல்லை.

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு நான்கு பின்னையும் செருகிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். ஃபேன் நிற்கவில்லை. ஒரு பீப். திரையில் சிமாஸ் செக்சம் எரர் என்று வந்தது, தேதி 2002 ஜனவரி 1. பட்டன் பேட்டரி செத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 தான் அது. மாற்றித் தேதி வைத்தேன். லாக்கைப் பின்னால் செருகி, அதன் மேல் பிரிண்டர் கேபிளையும் செருகினேன். விண்டோஸ் 98 மேகம் வந்தது. டெஸ்க்டாப் வந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். அந்தச் சத்தம் கேட்டு வந்தேன் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

எழுத்துரு மென்பொருளைத் திறந்தேன், லாக்கைப் பார்த்தது, திறந்தது. பேஜ்மேக்கரில் முதல் ஃபைல். தமிழ்.

இவ்வளவு பாடும் எதற்காகப் பட்டேன் என்று நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. வெறும் பாட்டு மட்டும் இல்லை. அப்பா அவள் பேசியதையும் சின்ன எழுத்தில் இடையிடையே அடித்து வைத்திருக்கிறார். எந்தப் பாட்டை யாரிடம் கேட்டாள், எந்தச் சாவில் பாடினாள் என்று. ஒரு ஒப்பாரியில் எட்டு வரிக்குப் பிறகு வெற்றிடம் விட்டு, "இந்த இடத்தில் அம்மா நிறுத்திவிட்டாள். தண்ணீர் கேட்டாள். நாளைக்கு என்றாள்" என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் தேதி மாறி, அதே பாட்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாளிலும் ஒரு வரி ஒன்றுபோல இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறார்.

சிவகாசி அக்காவுக்கு ஒரு கேள்வி. இதை யூனிகோடாக்க என்ன செய்வது? அறுபத்து மூன்று பக்கம். கையால் அடிக்கவும் தயார்.


சிவகாசி டிடிபி எழுதியது:

தம்பி, கண் கலங்கிவிட்டது. கையால் அடிக்க வேண்டாம், பிழை வரும். அந்த எழுத்துருவில் 32 முதல் 255 வரை உள்ள ஒவ்வொரு எழுத்தையும் ஆல்ட் விசையோடு எண் அடித்து ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்து, பக்கத்திலேயே எண்ணையும் ஆங்கில எழுத்துருவில் போட்டு பிரிண்ட் எடுங்கள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்று நான் அட்டவணை போட்டுத் தருகிறேன். என் மகன் அதை வைத்து மாற்றும் சின்ன நிரல் எழுதித் தருவான். கொம்பு எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய எழுத்துருவில் "கெ" என்பதற்குக் கொம்பு முதலில், "க" பிறகு. யூனிகோடில் "க" முதலில். "கொ" என்றால் கொம்பு, "க", கால் என்று மூன்று துண்டு. அதைச் சேர்த்து எடுக்காவிட்டால் பாதிச் சொல் உடைந்துவிடும். உங்கள் கன்வெர்ட்டரில் கொம்பும் காலும் இடம் மாறியது இதனால்தான்.

மாற்றி முடித்த பிறகும் லாக்கைத் தூக்கிப் போடாதீர்கள்.


கோவில்பட்டிக்காரன் எழுதியது:

பிரிண்டர் தாளை இழுக்கவில்லை. ரப்பர் ரோலர் காய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்ததும் இழுத்தது. 224 எழுத்துகளையும் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே 63 பக்கத்தையும் தாளிலும் எடுத்துவிட்டேன், டோனர் கடைசிப் பக்கங்களில் வெளுத்துவிட்டது.

பரண் விஷயம். மானிட்டர் ஒன்று, கேபினெட் இரண்டு, ஐந்து டிஸ்க், மோடங்கள், கேபிள் சாக்கில் முக்கால் பங்கு எல்லாம் பதிவு பெற்றவரிடம் போகின்றன. தூத்துக்குடியிலிருந்து வண்டி வருகிறது. டிஸ்க்குகளில் ஊர்க்காரர்களின் முகவரி, பத்திரிகை எல்லாம் இருப்பதால் அனுப்பும் முன் அழித்துவிட்டேன். பிளாப்பிகளை இன்னும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் பிளாப்பி டிரைவும் அதன் 34 பின் கேபிளும் இருக்கும். இந்த மெஷின், ஒரு மானிட்டர், 80 ஜிபி, அப்பாவின் 40 ஜிபி, நல்ல எஸ்எம்பிஎஸ் இன்னொன்று, இரண்டு ரேம், தீப்பெட்டிகள், லாக் இவை மட்டும் என் அறை அலமாரிக்கு வந்துவிட்டன. லாக்கில் டேப் ஒட்டி எது எதற்கு என்று எழுதிவிட்டேன். அம்மாவுக்குப் பரண் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்திலிருந்து ஆச்சியின் தங்கை வருகிறாள். 81 வயது. தாளில் எடுத்ததை வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த எட்டாம் வரிக்கு அப்புறம் அவளுக்கு என்ன வரும் என்று கேட்க வேண்டும்.